கல்விப் பூங்காவில் சினிமா பொம்மைக்கு என்ன வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலிகிராமத்தில் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். முதல் ஒன்பது வருஷம் சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட் வேலை. மோல்டு எடுப்பது, பைபர் போடுவது, தெர்மாகோலில் அரண்மனைத் தூண் செதுக்குவது. அப்புறம் பள்ளிக் கண்காட்சி, அருங்காட்சியகம், பூங்கா என்று அந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

போன வருஷம் புறநகரில் ஒரு கல்விப் பூங்கா தொடங்க நினைக்கும் சிலர் வந்தார்கள். டீ வருவதற்குள் ஒருவர், "சினிமா கேரக்டர் ரெண்டு மூணு நிக்க வெச்சா கூட்டம் வந்துடும்ல அண்ணே?" என்றார். பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், "அப்புறம் அதுக்குப் பேரு கல்விப் பூங்காவா? பொருட்காட்சினு போர்டு மாட்டிடுங்க" என்றார். அன்றைக்கு இரண்டு மணி நேரம் இதே பேச்சு. அதற்குப் பிறகும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று பட்டது.

இதே சண்டையை அமெரிக்காவில் எப்காட் என்ற பூங்காவை வைத்து நாற்பது வருஷமாகப் போடுகிறார்கள். அக்கா ஃபுளோரிடாவில் இருப்பதால் 2009இலும் 2023 டிசம்பரிலும் அங்கே போய்வந்தேன். அதனால் பேச்சு முழுக்க அந்தப் பூங்காவையே சுற்றும்.

எப்காட் என்றால் என்ன?

ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் இரண்டாவது பூங்கா. வால்ட் டிஸ்னி முதலில் மனதில் வைத்திருந்தது பூங்காவே கிடையாது, 20,000 பேர் வசிக்கும் ஒரு மாதிரி நகரம். 'நாளைய சமூகத்தின் சோதனை மாதிரி' என்ற பொருளில் வரும் ஆங்கில வார்த்தைகளின் முதலெழுத்துகள்தான் எப்காட். 1966 டிசம்பரில் அவர் இறந்துபோனார். நகரம் கட்டும் யோசனையை நிறுவனம் மெல்ல ஓரம் கட்டிவிட்டு, 1982 அக்டோபர் 1 அன்று அதே பெயரில் ஒரு நிரந்தரக் கண்காட்சியைத் திறந்தது.

ஒரு பாதியில் எரிசக்தி, போக்குவரத்து, விவசாயம், கடல் என்று தலைப்புக்கு ஒரு அரங்கம். மறுபாதியில் ஏரியைச் சுற்றி நாடுகள்; இப்போது 11 இருக்கின்றன. நம் ஆட்களுக்குப் புரியும்படி சொன்னால் தீவுத்திடல் பொருட்காட்சிதான். அங்கே பொதுப்பணித்துறை அணை மாதிரி வைத்திருக்கும், சுகாதாரத்துறை கொசுவைப் பெரிதாக்கி வைத்திருக்கும். இங்கே எரிசக்தி அரங்கை எக்ஸான் எண்ணெய் நிறுவனம் நடத்தியது, வண்டிகள் அரங்கை ஜெனரல் மோட்டார்ஸ் நடத்தியது. டெல்லி அப்பளம்தான் இல்லை.

தொடக்கத்தில் மிக்கி மவுஸைக்கூட உள்ளே விடவில்லையாமே?

ஆமாம். இது பெரியவர்களுக்கான அறிவுப் பூங்கா, பொம்மைகள் பக்கத்துப் பூங்காவில் இருக்கட்டும் என்பதுதான் முடிவு. ஆனால் டிஸ்னி என்ற பெயரை நம்பி வந்த பிள்ளைகள் சும்மா இருக்குமா? சில வருஷங்களிலேயே மிக்கி விண்வெளி உடை மாட்டிக்கொண்டு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு வரும்போது மட்டும் சட்டையை டக் இன் செய்துகொள்ளும் மாமா மாதிரி.

ஆனால் சினிமாவில் இல்லாத, பூங்காவுக்கென்றே பிறந்த ஒரு பாத்திரம் அங்கே இருந்தது. ஃபிக்மென்ட் என்ற ஊதா நிறக் குட்டி டிராகன். 1983இல் கற்பனை அரங்கில் வந்தது. எதைப் பார்த்தாலும் 'இதை அதோடு சேர்த்தால் என்ன ஆகும்' என்று குறுக்கே பேசுவதுதான் அதன் வேலை. 1998இல் அந்தச் சவாரியை மூடி, 1999இல் ஃபிக்மென்டுக்குக் கிட்டத்தட்ட இடமே இல்லாமல் புதிதாகத் திறந்தார்கள். வருபவர்கள் விடவில்லை. 2002இல் டிராகனைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 'கல்வி விரும்பிகளுக்குப் பொம்மை பிடிக்காது' என்று யாராவது சொன்னால் நான் ஃபிக்மென்ட் கதையைத்தான் எடுப்பேன்.

சினிமா எப்போது உள்ளே வந்தது?

கொஞ்சம் கொஞ்சமாக. 1995இல் விவசாய அரங்கில் லயன் கிங் பாத்திரங்களை வைத்துச் சுற்றுச்சூழல் பற்றிய ஒரு குறும்படம் போட்டார்கள். 2007 ஜனவரியில் கடல் அரங்கம் 'நீமோவும் நண்பர்களும்' ஆனது. அதே வருஷம் மெக்சிகோ அரங்கின் படகுச் சவாரியில் டொனால்ட் டக் ஏறினார். 2016இல் நார்வே அரங்கில் ஃப்ரோஸன், 2021இல் பிரான்ஸ் அரங்கில் சமையல்கார எலி ரெமி, 2022இல் எரிசக்தி அரங்கம் இருந்த இடத்தில் கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி ரோலர் கோஸ்டர், 2023 அக்டோபரில் மோனா என்ற கார்ட்டூன் படத்தை வைத்து ஒரு தண்ணீர்ப் பாதை.

ஏன் வந்தது? பேராசை தானே?

பணம் ஒரு காரணம். அதை மறுக்க நான் டிஸ்னியின் பங்குதாரர் இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு இன்னொரு காரணம் சட்டென்று புரியும்: எதிர்காலம் சீக்கிரம் நாறிவிடும்.

ஒரு கோயில் செட்டு போட்டால் இருபது வருஷம் கழித்தும் கோயில்தான். 'நாளைய வீடு' என்று ஒரு செட்டு போட்டுப் பாருங்கள். பத்து வருஷத்தில் அதிலிருக்கும் டிவியைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கும். புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கோடிக்கணக்கில் வேண்டும். செலவைத் தாங்கிய நிறுவனங்கள் ஒப்பந்தம் முடிந்ததும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. ஆனால் ஓடிய படத்தின் கதாபாத்திரத்துக்கு வயசு ஆவதில்லை. விளம்பரமும் தனியாகத் தேவையில்லை. கணக்குப்பிள்ளை எந்தப் பக்கம் கை தூக்குவார் என்று சொல்லவா வேண்டும்?

எதிர்ப்பவர்களின் உண்மையான குறை என்ன?

எப்காட்டின் நார்வே அரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1988இலிருந்து அங்கே ஒரு படகுச் சவாரி. வைக்கிங்குகள், காட்டுப் பூதங்கள், பனிக்கரடி, கடைசியில் வடகடல் எண்ணெய்க் கிணறு. இறங்கினால் நார்வே பற்றி ஒரு குறும்படம். 2009இல் நான் போனபோது பாதிப் பேர் அந்தப் படத்துக்கு உட்காரவே இல்லை. ஒரு கதவில் நுழைந்து, இருக்கை வரிசை வழியாக நேராக அடுத்த கதவுக்கு நடந்துவிட்டார்கள். நானும்தான். கால் வலி.

2014 அக்டோபரில் அதை மூடினார்கள். அதே வாய்க்கால், அதே படகு. ஆனால் இப்போது கரையில் ஃப்ரோஸன் படத்தின் எல்சாவும் ஆனாவும் பாடுகிறார்கள். 2023இல் ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நின்றோம். அக்கா மகளின் பெண், ஆறு வயசு, வெளியே வந்ததும் கேட்டாள்: "மாமா, நாம அரெண்டெல் போவோமா?" நார்வே என்ற பெயர் அவள் காதிலேயே விழவில்லை. அரெண்டெல் என்று ஒரு ஊர் கிடையாது, ஃப்ரோஸன் படத்தில் வரும் கற்பனை ராஜ்ஜியம். ஆரெண்டால் என்ற நிஜமான நார்வே ஊரின் பெயரைத் தழுவி வைத்தது. நாடு இருந்த இடத்தில் நாட்டைப் போன்ற ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. எதிர்ப்பவர்கள் சொல்வது இதைத்தான்.

இதில் நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது. கட்டபொம்மன் என்றதும் உங்கள் கண்முன் வருவது யார்? 1959இல் வந்த படத்தின் சிவாஜி கணேசன். வ.உ.சி. என்றாலும் அவரே, 1961. ஔவையார் என்றால் 1953இல் ஜெமினி எடுத்த படத்தின் கே.பி. சுந்தராம்பாள். பள்ளி மாறுவேடப் போட்டிக்கு வரும் கட்டபொம்மன்களில் பத்துக்குப் பத்து பேர் சிவாஜியின் மீசையோடுதான் வருகிறார்கள், அவருடைய கர்ஜனையோடுதான் பேசுகிறார்கள். ஆனால் இன்னொன்றும் உண்மை: அந்தப் படம் இல்லையென்றால் எத்தனை பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்? இரண்டு பக்கமும் இழுக்கிறது. எனக்கும் இதில் ஒரே பதில் கிடையாது.

அப்படியானால் எது நல்ல சேர்க்கை, எது கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பட்டறையில் நான் பயன்படுத்தும் சோதனை ஒன்று இருக்கிறது. வரைபடத்தில் பொம்மை இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துவிடுவேன். மீதி என்ன நிற்கிறது என்று பார்ப்பேன்.

மோனா பாதையில் மோனாவை மறையுங்கள். ஆறு, மழை, ஓடை, கடல் எல்லாம் அப்படியே இருக்கும். கையை நீட்டினால் தண்ணீர் எகிறும், குனிந்தால் குறுக்கே ஓடும். நீர் சுழற்சியைக் காலால் நடந்து படிக்கிறீர்கள். சவாரி கிடையாது, நடைதான். தேறுகிறது.

கடல் அரங்கில் நீமோவை மறையுங்கள். 2 கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் கொண்ட நிஜமான தொட்டி, நிஜமான சுறா, நிஜமான ஆமை. 1986இல் திறந்தபோது என்ன இருந்ததோ, அதில் முக்கியமானது அப்படியே இருக்கிறது. இதுவும் தேறுகிறது.

ஃப்ரோஸனை மறைத்தால் வாய்க்கால் மிஞ்சும். வெளியே மரத் தேவாலயமும் அதற்குள் ஒரு சின்னக் கண்காட்சியும் இருப்பதால் பாஸ் மார்க் போடலாமா என்று யோசிப்பேன். கார்டியன்ஸை மறைத்தால் ஒரு அருமையான ரோலர் கோஸ்டர்தான் மிஞ்சும். பின்பக்கமாகக் கிளம்பும், வயிறு தொண்டைக்கு வரும், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அந்த இடத்தில் முன்பு எரிசக்தி பற்றிய பாடம் இருந்தது. இப்போது எரிவது நம் வயிற்றிலிருக்கும் மதியச் சாப்பாடு மட்டும்.

கதாபாத்திரமே பாடம் நடத்தினால் பிள்ளைகள் கேட்பார்கள் இல்லையா?

கேட்க மாட்டார்கள். பொதுவாக நம் ஊரில் செய்யும் தப்பு இது. பிள்ளைகளுக்குப் பிடித்த பொம்மைக்குப் பக்கத்தில் பலூன் வரைந்து, அதற்குள் 'நீரைச் சேமிப்போம், நிலத்தைக் காப்போம்' என்று எழுதிவிடுவார்கள். பொம்மை அந்த நிமிஷமே ஹெட்மாஸ்டர் ஆகிவிடும்.

கதாபாத்திரம் கேள்வி கேட்க வேண்டும். பார்க்கிற பிள்ளையைவிட அதற்குக் கொஞ்சம் குறைவாகத் தெரிந்திருக்க வேண்டும். எப்காட்டின் பழைய எரிசக்தி அரங்கில் 1996இலிருந்து 2017 வரை ஓடிய நிகழ்ச்சி இதற்கு நல்ல உதாரணம். எலன் டிஜெனரஸ் என்ற நகைச்சுவை நடிகை ஒரு டிவி வினாடி வினாவில் எரிசக்திக் கேள்விகளுக்கு ஒன்றும் தெரியாமல் முழிப்பார். பக்கத்து வீட்டுக்காரராக வரும் பில் நை, டிவியில் அறிவியல் சொல்லித்தருபவர், அவரை டைனோசர் காலத்துக்கே கூட்டிக்கொண்டு போவார். முழித்தவர் எலன் என்பதால் நமக்கு வெட்கம் இல்லை. பாடம் நம்மைத் தாண்டி அவருக்குப் போகிறது, நடுவில் நாம் பிடித்துக்கொள்கிறோம்.

இது நமக்குப் புதுசா என்ன? தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வது இதுதான். ராஜா விறைப்பாக நிற்பார். கட்டியங்காரன் போய், "நீங்க யாரு, எந்த ஊரு, எதுக்கு இப்படிக் குதிக்கிறீங்க?" என்று கேட்பார். ராஜா பதில் சொல்லச் சொல்ல, விடிய விடிய உட்கார்ந்திருக்கும் சனத்துக்குக் கதை புரிந்துவிடும். டிஸ்னி இன்ஜினியர்கள் கூத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்திருந்தால் கொஞ்சம் செலவு மிச்சமாகியிருக்கும்.

இன்னொன்று, 2004இல் கடல் அரங்கில் வந்த க்ரஷ் ஆமை. நீமோ படத்தில் வரும் அதே ஆமை. திரையில் நீந்திவந்து, எதிரே தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளோடு நேருக்கு நேர் பேசும். பதிவு செய்த வீடியோ இல்லை, பின்னால் ஒரு நடிகர் அந்தந்த நேரத்தில் பேச, உருவம் அதற்கேற்ப வாயசைக்கும். 2009இல் அக்கா மகன் எழுந்து, "நீ ஓட்டைக் கழட்டுவியா?" என்று கேட்டான், தமிழ் வாடை அடிக்கும் இங்கிலீஷில். ஆமை ஒரு கணம் நிறுத்தி, "நீ உன் முதுகெலும்பைக் கழட்டுவியா?" என்பது போல ஒன்று திருப்பிக் கேட்டது. கூட்டம் சிரித்தது. ஆமை ஓடு அதன் எலும்புக்கூட்டோடு ஒட்டிய பாகம் என்பது அவனுக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. இப்போது அவன் கல்லூரி முடித்துவிட்டான்.

சினிமாக் கதை தப்பான அறிவியலைக் கற்றுக்கொடுத்துவிடாதா?

கொடுக்கும். நீமோ ஒரு கோமாளி மீன். படத்தில் அம்மா இறந்ததும் அப்பா தனியாளாக மகனை வளர்க்கிறார், தொலைந்ததும் கடல் முழுக்கத் தேடுகிறார். நிஜத்தில் ஒரு கடற்சாமந்திக்குள் வாழும் கோமாளி மீன் குடும்பத்தில் மிகப் பெரியது பெண். அது இறந்தால் அடுத்த நிலையில் இருக்கும் ஆண் மீன், பெண்ணாக மாறிவிடும். அதாவது நீமோவின் அப்பா கொஞ்ச நாளில் அம்மா ஆகியிருக்க வேண்டும்.

இதை மறைக்கத் தேவையில்லை, இதுதான் உங்கள் பலகைக்குச் சிறந்த விஷயம். கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் பிள்ளைகள் கோமாளி மீன் என்று கேட்பதில்லை, "அண்ணா, நீமோ இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். படம் பெயரை வாசல் வரைக்கும் கொண்டுவந்துவிட்டது. 'படத்தில் சொல்லாதது' என்று தலைப்புப் போட்டால் ஒன்பதாவது படிக்கிற பையன்கூட நின்று படிப்பான்.

நீங்கள் செய்து பார்த்ததில் என்ன நடந்தது? சினிமாக்காரர் சும்மா பேசுகிறீர்களா?

செய்து, முதலில் தோற்றேன். ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சி. நீர் சுழற்சி மாதிரி கேட்டார்கள். பிளைவுட் மேடை, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மலை, ஒரு சின்ன பம்ப், மேகத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் மழை. எல்லாம் சரியாக வந்தது. பிள்ளைகள் வருவதற்காகப் பக்கத்தில் ஒரு கார்ட்டூன் கதாபாத்திரத்தை மூன்றடி உயரத்துக்கு பைபரில் நிறுத்தினேன். காலை ஒன்பதரையிலிருந்து கூட்டமான கூட்டம். எனக்கு ஒரே சந்தோஷம்.

பதினோரு மணிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் தொட்டியில் தண்ணீரே இல்லை. அடியில் எங்கேயோ கசிந்து ஓடிவிட்டது. பம்ப் காற்றை உறிஞ்சி உர்ரென்று கத்துகிறது. மேகம் காய்ந்துகிடக்கிறது. மழை நின்று எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று அங்கே நின்ற பிள்ளைகளைக் கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. எல்லோரும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொம்மையோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். "நல்லா இருக்கு அங்கிள்" என்றாள் ஒருத்தி. கட்டைவிரல் சோதனை அன்றைக்குத்தான் பிறந்தது.

அடுத்த முறை காக்கா வைத்தேன்.

பாட்டி சொன்ன அதே காக்கா, அதே பானை. பானைக்குப் பதில் ஒரே அளவுள்ள இரண்டு அக்ரிலிக் குழாய், ஒவ்வொன்றின் மேலும் ஒரு காக்கா. முதல் குழாயில் பாதிக்குத் தண்ணீர், இரண்டாவதில் கால்வாசி. கீழே ஒரு கூடை நிறையக் கூழாங்கல். காக்காவின் பலூனில் ஒரே வரி: 'எனக்குத் தண்ணி எட்டலை, என்ன பண்ணட்டும்?'

பிள்ளைகள் கல்லைப் போட ஆரம்பித்தார்கள். முதல் குழாயில் தண்ணீர் ஏறி விளிம்பைத் தொட்டது, ஒரே கைத்தட்டல். இரண்டாவதில் போடப் போடக் கல் மேலே வந்துவிட்டது, தண்ணீர் கல்லுக்கு நடுவிலேயே நின்றுவிட்டது. இன்னும் போட்டார்கள். குழாய் நிறையக் கல், காக்காவுக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. "அண்ணா, கதை பொய்யா?" என்று ஒரு சின்னப் பையன் கேட்டான். பக்கத்திலிருந்த பெண், எட்டாவது இருக்கும், "பொய் இல்லடா, கல்லுக்கு நடுவுல ஓட்டை இருக்கு, தண்ணி அதுல போயிடுது" என்றாள்.

அவள் சொன்னது சரி. கூழாங்கல்லைக் கொட்டினால் இடையில் கிட்டத்தட்ட 35 முதல் 40 சதவீதம் வெற்றிடம் இருக்கும். பானையில் அந்த அளவுக்குக் குறைவாகத் தண்ணீர் இருந்தால் எத்தனை கல் போட்டாலும் காக்கா தாகத்தோடுதான் பறக்க வேண்டும். ஆற்று மணலுக்குள் தண்ணீர் நிற்பதும் இதே கணக்குத்தான். ஊற்று தோண்டினால் தண்ணீர் வருவது எப்படி என்று டீச்சர் அங்கேயே நின்று ஆரம்பித்துவிட்டார். என் பலகையில் அது இல்லவே இல்லை. காக்காவோடு யாரும் போட்டோ எடுத்த மாதிரி தெரியவில்லை. எல்லோருடைய கையும் ஈரமாக இருந்தது.

சரி, பிரபலமான சினிமா கேரக்டரையே வைக்க ஆசை. அனுமதி வாங்க வேண்டுமா?

கண்டிப்பாக. அங்கன்வாடிச் சுவரில் பெயிண்டர் வரைந்துவிட்டுப் போகும் சோட்டா பீமைப் பார்த்து ஏமாறாதீர்கள். டிக்கெட் வாங்கும் பூங்காவில் வைத்தால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வேண்டும், பணம் கட்ட வேண்டும், அவர்கள் சொல்லும் நிறத்தில்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கு வெளியான பின் 60 ஆண்டுகள், எழுத்துக்கு ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. பெயருக்கும் உருவத்துக்கும் டிரேட்மார்க் தனி.

நடிகரின் முகம் என்றால் இன்னும் சிக்கல். தன் பெயரையும் பாணியையும் அனுமதியில்லாமல் பயன்படுத்தியதாக ஒரு இந்திப் படத்தை எதிர்த்து ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், 2015இல் நம் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இதற்கு நான் வழக்கமாகச் சொல்லும் குறுக்கு வழி, 'பொன்னியின் செல்வன்' நாவலின் வந்தியத்தேவன். கல்கி 1954இல் இறந்தார், அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டன. வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வந்து, எல்லோரிடமும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளும் அந்த ஆளை நீங்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவன். சோழர் கால நீர்ப்பாசனத்துக்கு அவனைவிட நல்ல கட்டியங்காரன் கிடைக்க மாட்டான். வீராணம் இன்றைக்குச் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி, ஆகவே கதை நம் குழாய் வரைக்கும் வந்துவிடும். ஆனால் படத்தில் வந்த கார்த்தியின் முகத்தையோ, பத்திரிகையில் வந்த ஓவியத்தையோ பார்த்து மோல்டு எடுக்கக் கூடாது. அவற்றுக்கு உரிமையாளர்கள் வேறு. முகத்தைப் புதிதாக வரையச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடமும் காட்டிவிடுங்கள்.

வேஷம் போட்ட ஆளை நிறுத்தலாமா?

சென்னை வெயிலில் அந்தப் பஞ்சு உடைக்குள் போய் ஐந்து நிமிஷம் நீங்களே நின்று பாருங்கள், அப்புறம் பேசலாம். நிழல், ஃபேன், மாற்று ஆள், தண்ணீர் எல்லாம் ஏற்பாடு செய்ய முடிந்தால் மட்டும் சரி. முழு முகமூடி போட்டவரால் பேசவும் முடியாது, ஆகவே கேள்வியும் கேட்க முடியாது. அதற்கு முகம் தெரிகிற ஒரு நாடகக்காரரை வேட்டி கட்டி நிறுத்துவது மேல். விஜிபியில் அசையாமல் நின்ற சிலை மனிதரை ஊரே போய்ப் பார்த்ததே, அவருக்கு எந்தப் படமும் ஓடவில்லை.

பைபர் பொம்மை எத்தனை நாள் தாங்கும்?

கடற்கரைப் பக்கம் என்றால் இரண்டு கோடையில் சிவப்பு வெளுத்து ரோஸ் ஆகும். முதலில் உடைவது விரல்கள், பிள்ளைகள் கையைப் பிடித்துத் தொங்குவதால். விரலுக்குள் கம்பி வையுங்கள், கையை உடம்போடு ஒட்டினாற்போல் வடிவமையுங்கள். உச்சி வெயிலில் தொட்டால் சுடும், மேலே கூரை போடுங்கள்.

கதாபாத்திரமே இல்லாமல் ஒரு கல்விப் பூங்கா ஓடாதா?

ஓடும். எப்காட்டிலேயே நான் இரண்டு முறையும் இரண்டாவது தடவை ஏறியது விவசாய அரங்கின் படகில். 1982இலிருந்து வேறு பெயரிலாவது ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தச் சினிமாக் கதாபாத்திரமும் இல்லை. படகு நிஜமான பசுமைக் கூடங்களுக்குள் போகும், மண்ணே இல்லாமல் செடி தொங்கும், வேரில் தண்ணீர் தெளிக்கும். அங்கே பலா மரத்தைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளக்க, அக்கா மாமியார், "இதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தோமா? பண்ருட்டில லாரி லாரியா கிடக்கு" என்றார். ஆனால் இறங்கியதும் வேரை ஏன் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று முதலில் கேட்டதும் அவர்தான்.

நம் பக்கம் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா 1996இலிருந்து இருக்கிறது. தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து அங்கே திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். குயவர் சக்கரத்தில் உட்கார்ந்திருப்பார், பிள்ளைகள் கையைச் சேறாக்கிக்கொள்ளும். கதாபாத்திரம் தேவையில்லை, ஆள் இருக்கிறார். உங்களுக்கு அப்படி நல்ல ஆட்கள் கிடைத்தால் என்னிடம் பொம்மைக்கு ஆர்டரே கொடுக்க வேண்டாம். சொல்கிறேனே தவிர, வயிற்றெரிச்சல்தான்.

அந்தக் கூழாங்கல் எங்கே வாங்கினீர்கள்?

கொளத்தூரில், மீன் தொட்டிக்குள் போடும் கல். பாலிஷ் போட்டு வழவழவென்று இருப்பதை வாங்காதீர்கள், தண்ணீருக்குள் போனால் எடுக்கும்போது வழுக்கும். கோலிக்குண்டு அளவில், சாதாரணக் கல். தேவையைப் போல ஒரு மடங்கு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஐந்து கிலோ கொண்டுபோனேன், சாயங்காலம் கூடையில் மூன்று கிலோதான் இருந்தது. மீதி எல்லாம் பிள்ளைகளின் டவுசர் பாக்கெட்டில் போய்விட்டது.